நூறு ஆம்புகளும் ஒரு ஸ்பீக்கரும்

அக்கா மகன் வாட்ஸப்பில் ஓர் எக்செல் தாள் அனுப்பியிருந்தான். இடது பக்கம் வரிசையாக எலெக்ட்ரிக் கிட்டாருக்கான டிஜிட்டல் மாடலிங் ஆம்புகளின் பெயர்கள். மேலே தலைப்புகள்: எத்தனை ஆம்ப் மாடல், எத்தனை எஃபெக்ட், எத்தனை ப்ரீசெட், எத்தனை வாட்ஸ், ப்ளூடூத் உண்டா, ஆப் உண்டா. ஐடி வேலை பார்ப்பவன். எதையும் தாளில் போட்டுக் கூட்டிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"எல்லாத்துக்கும் மார்க் போட்டுட்டேன் மாமா. எது ஃபர்ஸ்ட் வருதோ அதையே வாங்கிடட்டுமா?"

"ஸ்பீக்கர் எத்தனை இன்ச்சுன்னு எங்கேயுமே போடலையே?"

"அது பெரிய விஷயமா மாமா?"

அதுதான் விஷயம். தாளில் இன்னொன்றும் இல்லை. எந்த அறையில், எத்தனை மணிக்கு, யார் தூங்கிக்கொண்டிருக்கும்போது வாசிக்கப் போகிறான் என்பது. போனில் அவனிடம் நீட்டி முழக்கியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஆம்ப் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதே மாதிரி ஒரு தாளோடுதான் அலைகிறார்கள்.

என் கட்சி இது. மாடலிங் ஆம்ப் வாங்கும்போது மாடல்களை எண்ணாதீர்கள். பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் அதைப் பார்ப்பதில் நியாயம் இருந்தது. நல்ல மாடலுக்கும் மட்டமான மாடலுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது முதல் கார்டிலேயே தெரிந்துவிடும். இன்றைக்குப் பெயருள்ள கம்பெனிகளின் பெட்டி எதை எடுத்தாலும், உள்ளே ஓடும் மென்பொருள் வீட்டில் வாசிப்பவருக்குத் தாராளமாகப் போதும். மிச்சமிருக்கும் வித்தியாசமெல்லாம் மரப்பெட்டியிலும் ஸ்பீக்கரிலும் குமிழ்களிலும்தான். கம்பெனிக்காரன் காசைச் செலவழிப்பதும் அங்கேதான், மிச்சம் பிடிப்பதும் அங்கேதான்.

இந்தப் பெட்டி எதைப் பார்த்து நடிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்க அந்தக் காலத்து ஆம்புகளில் வால்வுகள் இருந்தன. ஸ்விட்ச் போட்டதும் பாடாமல், கொஞ்சம் சூடேறிய பிறகு பாடிய வால்வ் ரேடியோவை நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் குழல்களைத் தெரிந்திருக்கும். வால்வுக்குத் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் கொடுத்தால் அலையின் உச்சி மழுங்கும். மழுங்கும்போது மூல ஸ்வரத்தோடு அதன் மடங்குகளும் கிளம்பிச் சேர்ந்து ஒலிக்கும். இதைக் கோளாறு என்று இன்ஜினியர்கள் நினைத்தார்கள். வாசிக்கிறவர்களுக்கோ அது பிடித்துப்போய்விட்டது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப், அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேனுடைய சர்க்யூட்டை ஒட்டிச் செய்யப்பட்டது. பாகங்கள் இங்கிலாந்தில் கிடைத்தவை, ஸ்பீக்கர்களும் வேறு, அதனால் சத்தமும் வேறாக வந்தது. ராக் கிட்டாரின் சரித்திரத்தில் பாதி அந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சிக்கல் என்னவென்றால், பவர் வால்வு, ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து திணறும்போதுதான் அந்த ருசி முழுதாக வரும். திணற வைக்கக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டும். ஐம்பது வாட்ஸ் வால்வு ஆம்பில் அதைச் செய்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றும் கதவைத் தட்டும். பிற்பாடு மாஸ்டர் வால்யூம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், ஓரளவுக்குத் தீர்ந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தச் சத்தத்தின் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு டிஜிட்டல்காரர்கள் சொன்ன பதில்தான் மாடலிங்.

கலிபோர்னியாவின் லைன் 6 கம்பெனி 1996இல் ஆக்ஸிஸ் 212 என்ற முதல் டிஜிட்டல் மாடலிங் ஆம்பை விற்றது. 1998இல் அதே கம்பெனியின் பாட் வந்தது. மேசைமேல் வைக்கிற சின்னச் சிவப்புப் பெட்டி, ஸ்பீக்கரே கிடையாது. ரெக்கார்டிங் செய்பவர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள். 2011 வாக்கில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு வழியில் போனார். சர்க்யூட்டைப் பாகம் பாகமாகக் கணக்கில் எழுதுவதற்குப் பதிலாக, உண்மையான ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அந்த நடத்தையை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை. இப்போது அதையே நியூரல் நெட்வொர்க் வைத்துச் செய்கிறார்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. காசே வேண்டாம். உலகம் முழுவதும் கிட்டார்க்காரர்கள் தங்கள் ஆம்புகளைப் படம் பிடித்து அதற்காக இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். மாடல் என்பது இவ்வளவு மலிந்துபோன பிறகு, "எங்கள் பெட்டியில் இத்தனை மாடல்" என்ற விளம்பரத்தைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில், ஒரு கூடாரத்துக்குள் வாசித்தார்கள். அங்கே சுற்றுச்சூழல் காரணமாக ஆம்ப் வைத்து அலறவிட முடியாது. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். கிட்டார் ஒலிக்கு ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற டிஜிட்டல் மாடலர். ஆம்புகளை மலைபோல் அடுக்கி வைத்து வாசித்த கோஷ்டி அது. அதற்குப் பிறகு சுற்றுப்பயணங்களிலும் அதையே எடுத்துப் போனார்கள். அவர்களுக்குப் போதுமென்றால் அக்கா மகன் குடியிருக்கும் வேளச்சேரி மூன்றாம் மாடிக்கும் போதும்.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளுக்குள் இரண்டு வகை.

முதல் வகையில் இருப்பது கிட்டார் ஸ்பீக்கர். 2016இல் வந்த பாஸ் கடானா 50 நல்ல உதாரணம், 12 அங்குலம். ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25இல் 8 அங்குலம். இரண்டாம் வகையில் இருப்பது பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர். 2011இல் யமஹா கொண்டுவந்த டிஹெச்ஆர் வரிசை இந்த வகை. அலமாரியில் வைக்கிற ரேடியோ அளவில், சுமார் மூன்று அங்குல ஸ்பீக்கர் இரண்டோடு வந்தது. பாசிடிவ் கிரிட் ஸ்பார்க் 40இல் நான்கு அங்குலத்தில் இரண்டு.

கிட்டார் ஸ்பீக்கர் வெறும் ஸ்பீக்கர் இல்லை, அது ஒரு வடிகட்டியும்கூட. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அது வேகமாகக் கைவிட ஆரம்பித்துவிடும். டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பையும் சீறலையும் தடுத்து நிறுத்துவது அந்தக் கைவிடல்தான். டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் சொருகிப் பார்த்தவர்களுக்குக் காது கூசியிருக்கும், அங்கே தடுக்க ஆள் இல்லை. பாட்டு ஸ்பீக்கரும் வந்ததையெல்லாம் அப்படியே வெளியே விடும். ஆகவே அந்த வகைப் பெட்டிகளில் மென்பொருள் ஆம்பாக மட்டும் நடித்தால் போதாது, கிட்டார் ஸ்பீக்கராகவும் நடிக்க வேண்டும். அதற்கு, ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் மைக்கை வைத்து, ஒரு சோதனை ஒலிக்கு அது எப்படிப் பதில் தருகிறது என்று பதிந்து வைத்துக்கொள்வார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர், வாசிப்பவர்கள் ஐஆர் என்பார்கள்.

இதன் விளைவு என்ன? 12 அங்குலப் பெட்டியில் நீங்கள் ஃபெண்டர் மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் வாக்ஸ் மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் மார்ஷல் மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் எல்லாம் அந்த ஒரே ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உள்ளே நூறு ஆம்ப் இருக்கலாம், வாய் ஒன்றுதான். கடானாவில் இன்ன கம்பெனியின் இன்ன ஆம்ப் என்று வரிசை போடாமல் க்ளீன், க்ரஞ்ச், லீட், பிரவுன் என்பது போல ஐந்தே ஐந்து குணம் மட்டும் வைத்தார்கள். 2024இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஒன்று கூடி ஆறானது. எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. அந்த ஸ்பீக்கருக்கு எது வருமோ அதை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

பாட்டு ஸ்பீக்கர் வகையில் ஒவ்வொரு மாடலும் நிஜமாகவே வேறு வேறாகக் கேட்கும், ஸ்பீக்கரும் சேர்ந்து மாறுகிறது அல்லவா. போனிலிருந்து பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கவும் இதுதான் வசதி. கிட்டார் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டால் சிம்பல் ஓசையே காணாமல் போய், எல்லாம் போர்வைக்கு உள்ளிருந்து வரும். ஆனால் நீங்கள் கேட்பது ஆம்பை அல்ல, மைக் வைத்து ரெக்கார்ட் செய்த ஆம்பை. அறையில் ஆம்ப் நின்று வாசிக்கும்போது கால்சட்டை நடுங்குகிற அந்த உணர்வு இருக்காது. கிட்டாரின் கீழ் ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். மூன்று நான்கு அங்குலக் கூம்பு அதை இயல்பாகத் தராது. டிஜிட்டலில் தூக்கிவிட்டுத்தான் தருகிறார்கள். மெதுவாக வைத்தால் ஆச்சரியப்படும்படி இருக்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட, கூம்பு கிழியாமல் இருக்க அந்தத் தூக்கலை மென்பொருளே குறைத்துக்கொள்ளும், ஒலி மெலிந்துபோகும்.

ஐந்து ஆறு அங்குலத்தில் ஒற்றைக் கிட்டார் ஸ்பீக்கர் வைத்து, கிட்டாரோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் சிறு பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

அடுத்தது வாட்ஸ். எக்செல் தாளில் மருமகன் அதிக மார்க் கொடுத்தது இதற்குத்தான். நூறு வாட்ஸ் என்றால் ஐம்பது வாட்ஸைப் போல் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்திருக்கிறான். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒத்துக்கொள்ள வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். செலஸ்டியன் க்ரீன்பேக் என்ற புகழ்பெற்ற 12 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் தரும். அரை வாட்ஸ் கொடுத்தால் 95. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் சுற்றுவட்டாரம். அதாவது, அரை வாட்ஸை முழுதாகப் பயன்படுத்தினாலே ஃப்ளாட்டில் சண்டை நிச்சயம். கடானா 50இன் பவர் குமிழில் அரை வாட்ஸ், 25, 50 என்று மூன்று நிலை வைத்திருப்பது சும்மா இல்லை. அந்த அரை வாட்ஸ் நிலைக்காகவே அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வாட்ஸ் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. குமிழை எவ்வளவு கீழே இறக்கியும் ஒலி செத்துப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரம்ஸோடு வாசிப்பவர்களுக்கு மட்டும் வாட்ஸ் கணக்குக்கு வரும். அதிலும் ஒரு வேடிக்கை. 2019இல் ஃபெண்டர் தன் பழைய வால்வு ஆம்புகளையே டோன் மாஸ்டர் என்ற பெயரில் டிஜிட்டலாகச் செய்தது. 22 வாட்ஸ் வால்வு ஆம்பான டீலக்ஸ் ரிவெர்பின் டிஜிட்டல் நகலுக்கு 100 வாட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். வால்வு திணறினாலும் கேட்க இனிமையாக இருக்கும், அதனால் கடைசிச் சொட்டு வரை பிழியலாம். டிஜிட்டல் பவர் எல்லை தாண்டினால் வெறும் கரகரப்புதான், ஆகவே தாராளமாக மிச்சம் வைக்க வேண்டியிருக்கிறது. அதே வரிசையில் வந்த ட்வின் ரிவெர்பின் எடை சுமார் 15 கிலோ. வால்வு ட்வின் 29 கிலோ. ஐம்பதைத் தாண்டிய முதுகு உள்ளவர்களுக்கு டிஜிட்டல் சிறந்ததா வால்வு சிறந்ததா என்ற விவாதம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

வீட்டில் வாசித்துப் பழகுகிறவர்களைப் பெரிதும் குழப்புவது வேறொன்று. ராத்திரி படுக்கையறையில் மெதுவாக வைத்து, அருமையான ஒரு டோன் அமைத்திருப்பார்கள். பேஸ் கொழுகொழுவென்று, ட்ரெபிள் பளபளவென்று, மிட் ரொம்பக் குறைவாக. சனிக்கிழமை ஜாம் ரூமில் அதே ப்ரீசெட்டைப் போட்டால் ஒன்று கிட்டாரே கேட்காது, இல்லையென்றால் காதைக் குத்தும். ஆம்ப் மேல் பழி போடுவார்கள். ஆம்ப் ஒரு பாவமும் செய்யவில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம் இது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குக் கீழ் அலைகளும் உச்ச அலைகளும் மங்கிப்போகின்றன. அதை ஈடுகட்ட நாம் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். சத்தம் கூடியதும் காது அவற்றைத் தானாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறது, நாம் ஏற்றியதும் மேலே சேர்ந்துகொள்கிறது. கிட்டார் குடியிருப்பது மிட்டில். அதை வெட்டிவிட்டு ட்ரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே போய் நின்றால் யாருக்குக் கேட்கும்? வீட்டுக்கு ஒரு ப்ரீசெட், ஜாம் ரூமுக்கு ஒரு ப்ரீசெட் என்று தனித்தனியாக வையுங்கள். ஜாம் ரூமுக்கானதை ஜாம் ரூமில் வைத்தே அமையுங்கள்.

இதனால்தான் ஆம்பின் முகப்பில் குமிழ்கள் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். கெயின், பேஸ், மிட், ட்ரெபிள், ரிவெர்ப், வால்யூம். இந்த ஆறும் கைக்கு எட்டும் இடத்தில், ஒன்றுக்கு ஒரு குமிழாக இருக்க வேண்டும். பாதிப் பெட்டிகளில் இன்று அசல் அமைப்பெல்லாம் போன் ஆப்பில் ஒளிந்திருக்கிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் ட்ரெபிளைக் குறைக்க வேண்டுமென்றால் கிட்டாரை விட்டுப் போனை எடுத்து, ப்ளூடூத் சேர்ந்ததா என்று பார்த்து, நடுவில் வந்த குடும்பக் குரூப் குட்மார்னிங்கையும் பார்த்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்பதை மறந்துவிடுவோம். போன் ஆப்புக்கு ஆயுளும் கம்மி. நல்ல மரப்பெட்டியும் ஸ்பீக்கரும் இருபது வருடம் உழைக்கும். ஐந்தாறு வருடம் கழித்து வரும் போனில் அந்த ஆப் ஓடுமா என்பதற்கு யாரும் கியாரண்டி தருவதில்லை. போனே இல்லாமல் இந்தப் பெட்டியை முழுதாகப் பயன்படுத்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். விற்பவர் மென்று விழுங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

ப்ளூடூத் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கிட்டார் வாசிப்பைக் கேட்க முடியாது. தந்தியைத் தட்டியதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும், வாசிக்கவே வராது. ஆம்பில் இருக்கும் ப்ளூடூத் பாட்டுப் போடத்தான். ராத்திரி வாசிப்புக்கு வயர் உள்ள ஹெட்ஃபோன் எடுத்து வையுங்கள். கூடவே பெரிய 6.3 மில்லிமீட்டர் துளைக்கான கன்வர்ட்டர் முனையும். மற்றபடி டிஜிட்டல் ஆம்புக்குள் ஆகும் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அது சில மில்லிசெகண்டுகள். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ மூன்று மில்லிசெகண்ட் ஆகும். ஆம்பிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

நம் ஊர் கரண்ட்டைப் பற்றியும் பேச வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது விலை குறைவு என்று ஒன்றை வாங்கி வருவார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேப்டாப்புக்கு இருப்பது மாதிரி வெளி அடாப்டர் உள்ள பெட்டியாக இருந்து, அதன்மேல் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. வயர் நேராகப் பெட்டிக்குள் போகும் ஆம்புகளில் பல ஒரே வோல்ட்டுக்குச் செய்தவை. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகினால் முதல் நாளே புகை. அண்ணன் டிக்கெட் போடும்போதே அந்தப் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எர்த் இல்லாத பழைய வீடுகளில் ஆம்ப் எப்போதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். தந்தியைத் தொட்டதும் முனகல் குறைந்தால் அது சாதாரணம்தான். தொட்டதும் சுருக்கென்று விறுவிறுத்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் சுற்றியிருக்கும் ஃபேன் ரெகுலேட்டர், அடாப்டர், டியூப்லைட் சோக் எல்லாவற்றையும் பாடிக் காட்டும். மலிவான இன்வெர்ட்டரில் ஓடினால் இரைச்சல் இன்னும் மோசம்.

இரைச்சலை மறைக்கத்தான் ப்ரீசெட்டுகளில் நாய்ஸ் கேட் என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடும். மெட்டல் வாசிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். கிட்டார் கலைஞர் பிரசன்னா போன்றவர்களைக் கேட்டு எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்னாடக சங்கீதம் முயல்பவர்களுக்கு அது எமன். ஒரே மீட்டலில் இரண்டு மூன்று ஸ்வரத்தை இழுத்து முடிக்கும்போது கமகத்தின் கடைசி அசைவு மிக மெல்லியதாகத்தான் இருக்கும், அதை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். "எனக்குக் கை வரவில்லை" என்று நொந்துகொள்வதற்கு முன் நாய்ஸ் கேட்டை அணைத்து, கம்ப்ரஸரை இலேசாகப் போட்டு, க்ளீன் டோனில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதை எங்கே அணைப்பது என்று தெரியாத அளவுக்கு மெனுவுக்குள் புதைத்து வைத்திருக்கும் ஆம்பு உங்களுக்கு வேண்டாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் நான் பார்த்தது, பல கடைகளிலும் நடப்பதுதான். விற்பனைத் தம்பி பிரமாதமாக வாசிப்பார். கெயின் முழுக்க, ரிவெர்ப் முழுக்க, டிலே வேறு, கை கண்ணுக்கே தெரியாத வேகம். அந்த நேரத்தில் எந்தப் பெட்டியும் சொர்க்கம்தான். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எல்லா எஃபெக்ட்டையும் அணைக்கச் சொல்லுங்கள். ரிவெர்பையும்தான். வெறும் க்ளீன் டோனில் ஒரு ஜி கார்ட் மீட்டி அது அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு க்ரஞ்ச் போட்டு, கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழைப் பாதியாகக் குறையுங்கள். நல்ல மாடல் என்றால் கரகரப்பு விலகி ஒலி தெளிய வேண்டும். மெதுவாக மீட்டினால் ஒரு மாதிரியும் அழுத்தி மீட்டினால் வேறு மாதிரியும் பதில் வர வேண்டும். எவ்வளவு குறைத்தாலும் அதே சீறல் மட்டும் சின்னதாகிக்கொண்டே போனால் அந்தப் பெட்டிக்கு உங்கள் விரல்களைப் பற்றிக் கவலையில்லை என்று அர்த்தம். கடைசியாக, வீட்டில் எந்த அளவில் வைப்பீர்களோ அந்த அளவுக்கு இறக்கி வாசியுங்கள். கடைக்காரர் "சத்தமா வச்சுக் கேளுங்க சார், அப்பதான் தெரியும்" என்பார். அவர் கடையில் சத்தமாக வைத்துக் கேட்டு என்ன செய்ய?

மருமகன் கதை. மூன்று நண்பர்களோடு வேளச்சேரியில் வாடகை ஃப்ளாட். ஆபீஸ் முடிந்து சாப்பிட்டு உட்காரவே ராத்திரி பத்தாகிவிடும். வார இறுதியில் ஜாம் ரூம். சென்னை ஜாம் ரூம்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் ட்ரம்ஸ், ஆம்ப், மைக் எல்லாம் அங்கேயே இருக்கும், எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அப்படியானால் ட்ரம்ஸோடு போட்டியிடும் ஆம்ப் அவனுக்கு எதற்கு? தாளில் முதலிடம் பிடித்தது 12 அங்குலம், 100 வாட்ஸ். கடைசியில் வாங்கியது இரண்டு சின்ன ஸ்பீக்கர் உள்ள மேசைப் பெட்டி, முகப்பில் குமிழ்களோடு. தினமும் வாசிக்கிறான் என்று அவன் அறைத் தோழன் சொல்கிறான். புகாராகச் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம்.

அவன் நண்பன் ஒருவன் ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிப்பவன். அவனுக்கு இதே பதில் சரிவராது. சர்ச்சில் கிட்டார் நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது, மேடையில் ஆம்ப் வைக்கவே விடமாட்டார்கள். அவனுக்கு ஆம்பே வேண்டாம். ஐஆர் உள்ள, காலால் மிதித்து டோன் மாற்றக்கூடிய ப்ராசஸர் போதும். 2018இல் வந்த லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி ஒன்று பழையதாகக் கிடைத்தாலும் சரி. வீட்டில் ஹெட்ஃபோனைச் சொருகிக்கொள்ளலாம். ஏற்கனவே நல்ல லேப்டாப் வைத்திருந்து ரெக்கார்டிங்கில் மட்டும் நாட்டம் உள்ளவர்களுக்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் முன்னே சொன்ன இலவச மென்பொருளும் போதும். மிச்சப் பணத்தில் கிட்டாரை நல்ல லூத்தியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) கொடுத்து செட்டப் செய்து வாங்குங்கள்.

சொந்த வீடு, தனி அறை, பக்கத்தில் காலி மனை என்ற பாக்கியசாலிகளும், சொந்தமாக ட்ரம்மர் வைத்திருக்கும் காலேஜ் பசங்களும் மட்டும் 12 அங்குலத்துக்குப் போகலாம். பழையதாகவே தேடுங்கள். டிஜிட்டல் ஆம்ப் புது வெர்ஷன் வந்த மறுநாளே விலை இறங்கும், ஸ்பீக்கரும் பெட்டியும் அப்படியேதான் இருக்கும். வால்வு மாதிரி தேய்ந்து மாற்ற வேண்டியதும் ஒன்றுமில்லை. பழையது வாங்கும்போது எல்லாக் குமிழையும் ஒரு சுற்றுத் திருப்பிக் கரகரக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி துளையில் கேபிளைச் சொருகி லேப்டாப் அதை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். கிட்டார் சொருகும் ஜாக் ஆடுகிறதா என்பதையும். ஸ்பீக்கர் கூம்பில் விரலை வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பில்லையும் அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலோடு பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது உதவும். முதல் வாரத்திலேயே கம்பெனி தளத்திலிருந்து ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுங்கள், பாதிச் சில்லறைக் கோளாறுகள் அதில் தீர்ந்துவிடும். மழை இல்லாத, கரண்ட் கட் அறிவிப்பு இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.